தேடுபவரின் கண்ணில் படும்படி லிங்க்ட்இன் சுயவிவரத்தைத் திருத்தி அமைப்பது எப்படி?

வேலை தேடத் தொடங்குகிறவர்களில் பலர், பழைய ரெஸ்யூமேயைத் திறந்து அதில் உள்ளவற்றை வரி மாறாமல் லிங்க்ட்இன் சுயவிவரத்தில் ஒட்டிவிட்டு, வாரக்கணக்கில் யாரும் தொடர்பு கொள்ளவில்லையே என்று காத்திருக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு காரியங்களுக்கானவை. ரெஸ்யூமேயை ஒரு குறிப்பிட்ட வேலைக்காக ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்கு அனுப்புகிறோம். அதைப் பெறுபவர் எதற்காகப் படிக்கிறார் என்பது நமக்குத் தெரியும். சுயவிவரத்தை நாம் யாருக்கும் அனுப்புவதில்லை. 2003ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்டு, இன்று 100 கோடிக்கும் அதிகமான உறுப்பினர்களைக் கொண்டிருக்கும் லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில், நம்மை முன்பின் அறியாத ஒருவர் சில சொற்களை இட்டுத் தேடி, வரும் பட்டியலில் நம் பெயரைக் கண்டு, அதைச் சொடுக்கினால்தான் அது படிக்கப்படும்.

அந்தத் தேடல் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் எதை எங்கே எழுத வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். ஆள் எடுக்கும் ரிக்ரூட்டர்கள் பெரும்பாலும் கட்டணம் செலுத்திப் பெறும் தனித் தேடல் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். பதவிப்பெயர், இடம், திறன்கள், முன்பு பணிபுரிந்த நிறுவனங்கள், அனுபவ ஆண்டுகள், கல்வி எனப் பல வடிகட்டிகள் அதில் உண்டு. “இந்தச் சொல்லும் இருக்க வேண்டும், அந்தச் சொல்லோ அதற்கு நிகரான இன்னொன்றோ இருக்க வேண்டும், இது மட்டும் இருக்கக் கூடாது” என்று சொற்களைச் சேர்த்தும் விலக்கியும் தேட முடியும். தேடுபவர் இடும் சொல் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால், அந்த வேலையை நீங்கள் பத்து ஆண்டுகள் செய்திருந்தாலும் பட்டியலில் பின்னுக்குப் போவீர்கள் அல்லது இடம்பெறவே மாட்டீர்கள். ஆகவே சுயவிவரத்தைத் திருத்தும் வேலை, “நான் யார்?” என்ற கேள்வியோடு தொடங்கக் கூடாது, “என்னைத் தேடுகிறவர் என்ன சொல்லை இடுவார்?” என்ற கேள்வியோடு தொடங்க வேண்டும்.

விளம்பரங்களைப் படித்துவிட்டு எழுத உட்காருங்கள்

உங்களுக்கு உண்மையிலேயே பொருந்தக்கூடிய, கிடைத்தால் ஏற்றுக்கொள்வேன் என்று நீங்கள் நினைக்கும் வேலை விளம்பரங்களைப் பத்துப் பதினைந்து எடுத்து ஒரே கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் பதவிப்பெயர்களையும் மென்பொருள்களையும் செயல்முறைகளையும் சான்றிதழ்களையும் கோடிட்டு, அந்தச் சொற்களை மூன்றாகப் பிரியுங்கள்: “என்னிடம் இருக்கிறது, செய்ததற்குச் சான்றும் இருக்கிறது”; “இருக்கிறது, ஆனால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை”; “என்னிடம் இல்லை”. முதல் பிரிவில் உள்ள சொற்கள்தாம் உங்கள் சுயவிவரத்தின் முதுகெலும்பு. இரண்டாவது பிரிவு, அடுத்த சில வாரங்களில் ஒரு சிறு மாதிரித் திட்டமோ பயிற்சியோ செய்து சான்று உண்டாக்க வேண்டிய இடம். மூன்றாவது பிரிவிலிருந்து ஒரு சொல்லையும் சுயவிவரத்துக்குள் கடத்த வேண்டாம். தேடலில் அது உங்களை மேலே கொண்டுவரலாம். நேர்காணலின் முதல் ஐந்து நிமிடத்தில் கீழே இறக்கிவிடும்.

இந்தப் பயிற்சியில் பலருக்கு எதிர்பாராமல் தெரியவருவது, தங்கள் நிறுவனத்துக்குள் வழங்கும் பெயரும் வெளிச்சந்தையில் வழங்கும் பெயரும் ஒன்றல்ல என்பது. ஒரு நிறுவனத்தில் “அசோசியேட் நிலை 3” என்று அழைக்கப்படுபவர் வெளியே தரவுப் பகுப்பாய்வாளராக இருக்கலாம். “செயல்பாட்டு நிர்வாகி” என்பவர் கொள்முதல் பிரிவில் விற்பனையாளர்களைக் கையாள்பவராக இருக்கலாம். “அசோசியேட் நிலை 3” என்று யாரும் தேடமாட்டார்கள். அதற்காக, வகிக்காத பதவியை வகித்ததாக எழுதிவிடவும் கூடாது, ஏனெனில் பின்னணிச் சரிபார்ப்பில் அது அகப்பட்டுக்கொள்ளும். அலுவலகப் பதவிப்பெயரை அப்படியே எழுதி, ஒரு கோடிட்டு, அதன் பக்கத்தில் சந்தையில் வழங்கும் பெயரைச் சேர்ப்பதே நேர்மையான வழி.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். எந்த மொழியில் விளம்பரங்கள் வருகின்றனவோ அந்த மொழியில்தான் தேடலும் நடக்கும். இக்கட்டுரையில் மாதிரி வரிகளைத் தமிழில் தந்திருக்கிறேன்; நீங்கள் விண்ணப்பிக்கும் வேலைகள் ஆங்கிலத்தில் அறிவிக்கப்பட்டால் உங்கள் சுயவிவரமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஆனால் முதலில் தமிழில் யோசித்து எழுதிப் பாருங்கள் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பழகிப்போன ஆங்கில அடுக்குச்சொற்கள் கைக்கு வராதபோது, உண்மையில் என்ன செய்தோம் என்பதை எழுதியே ஆக வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது.

பெயருக்குக் கீழே உள்ள ஒற்றை வரி

ஹெட்லைன் எனப்படும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் தற்போதைய பதவியையும் நிறுவனத்தின் பெயரையும் தளமே அங்கே நிரப்பிவிடும். பலர் அதைத் தொடுவதே இல்லை. ஆனால் தேடல் முடிவிலும், நீங்கள் அனுப்பும் இணைப்பு அழைப்பிலும், ஒரு பதிவுக்கு நீங்கள் எழுதும் கருத்தின் தலையிலும் உங்கள் பெயரோடு கூடவே பயணம் செய்வது இந்த வரிதான். கைப்பேசித் திரையில் அதன் முற்பகுதி மட்டுமே தெரியும் என்பதால், முக்கியமான சொல் முதலில் வர வேண்டும்.

“வாய்ப்பைத் தேடிக்கொண்டிருக்கும் கடின உழைப்பாளி” என்ற வரியில் தேடலுக்குப் பயன்படும் சொல் ஒன்றுகூட இல்லை. “கணக்காளர் | மாத இறுதிக் கணக்கு முடிப்பு, வங்கிக் கணக்கு ஒப்பீடு, எஸ்.ஏ.பி., எக்ஸெல் | உற்பத்தித் துறையில் 6 ஆண்டுகள்” என்ற வரியில் பதவி, பணிகள், கருவிகள், துறை, காலம் ஆகிய ஐந்தும் வந்துவிட்டன. வேலையை இழந்து நிற்பவர்கள் தலைப்பு வரி முழுவதையும் “உடனடியாக வேலை தேவை” என்ற அறிவிப்புக்குக் கொடுத்துவிடுவதைப் பார்க்கிறேன். அவர்களின் அவசரம் புரிகிறது. ஆனால் அந்தச் செய்தியைச் சொல்வதற்குத் தளத்தில் வேறு ஏற்பாடு இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். புதிதாகப் படித்து முடித்தவர் “மாணவர்” என்றோ “ஃப்ரெஷர்” என்றோ எழுதி நிறுத்திவிடாமல், எந்த வேலையை நோக்கிப் போகிறாரோ அதன் பெயரையும், படிப்பிலோ பயிற்சிப் பணியிலோ அதற்காகச் செய்த ஒரு காரியத்தையும் எழுதலாம்: “மென்பொருள் சோதனை | செலீனியம், பைத்தான் | கல்லூரித் திட்டமாக நூலகச் செயலிக்குத் தானியங்கிச் சோதனைகள் எழுதியவர்”.

அபவுட் பகுதியும் தற்புகழ்ச்சித் தயக்கமும்

அபவுட் என்பது நம்மைப் பற்றி நாமே எழுதும் அறிமுகப் பகுதி. இங்கே 2,600 எழுத்துகள் வரை எழுதலாம். ஆனால் முதல் சில வரிகளுக்குப் பின் “மேலும் காண்க” என்ற பொத்தான் வந்து மறைத்துவிடும். படிப்பவர் அதைச் சொடுக்குவதா வேண்டாமா என்பதை அந்தச் சில வரிகளே முடிவு செய்கின்றன. “சவாலான சூழலில் என் திறமைகளைப் பயன்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன்” என்று அந்த வரிகளைத் தொடங்கினால், அது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வாக்கியம். உங்களைத் தவிர வேறொருவர் எழுத முடியாத வாக்கியத்தோடு தொடங்குங்கள்.

எழுதும் முறைக்கு ஒரு மாதிரி: “கிடங்கில் இருக்கும் சரக்கும் கணினியில் இருக்கும் கணக்கும் ஒத்துப்போகாத இடத்தில்தான் என் வேலை தொடங்குகிறது. எட்டு ஆண்டுகளாகச் சரக்கு இருப்பு மேலாண்மையில் பணியாற்றுகிறேன். கடைசியாக இருந்த நிறுவனத்தில், ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எண்ணும் முறையை மாற்றி, தினமும் ஒரு பகுதியை எண்ணும் முறையைக் கொண்டுவந்தேன். ஆண்டு இறுதியில் மூன்று நாள் மூடியிருந்த கிடங்கு அதன்பின் ஒரு நாளும் மூடப்படவில்லை.” இதில் ஆர்வம், அர்ப்பணிப்பு, தலைமைப்பண்பு என்று ஒரு பண்புச்சொல்லும் இல்லை. ஆனால் படிப்பவர் அத்தனையையும் தாமே ஊகித்துக்கொள்கிறார். இதற்குப் பிறகு எந்த வகையான வேலையைத் தேடுகிறீர்கள், எப்போது சேர முடியும், எப்படித் தொடர்பு கொள்ளலாம் என்ற மூன்றையும் நேராகச் சொல்லி முடித்துவிடலாம். “இவர் ஒரு சிறந்த பொறியாளர்” என்று தம்மைப் பற்றித் தாமே படர்க்கையில் எழுதுவது விருது விழா அறிமுகத்துக்குப் பொருந்தும். இங்கே “நான்” என்றே எழுதலாம்.

தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது முறையல்ல என்ற கூச்சம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கூச்சத்தை வளர்த்த பழைய இலக்கண மரபே, தன் ஆற்றலை அறியாதவர்களின் நடுவில் ஒருவர் தம்மைப் புகழ்ந்துகொள்வது தகும் என்று விதிவிலக்கும் வகுத்து வைத்திருக்கிறது. லிங்க்ட்இன் முழுக்க முழுக்க நம் ஆற்றலை அறியாதவர்களின் அவை. செய்ததைச் செய்தேன் என்று சொல்வதில் தயங்க ஒன்றுமில்லை. செய்யாததைச் சொல்வதில்தான் வெட்கம் இருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு இந்தப் பகுதியை எழுதுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். பிழை திருத்தவும் நீளத்தைக் குறைக்கவும் அவற்றைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் விவரமே தராமல் “எனக்கு ஒரு நல்ல அறிமுகம் எழுது” என்று கேட்டால், இதே கேள்வியைக் கேட்ட ஆயிரம் பேருக்கும் கிடைத்த அதே பாயசம்தான் உங்களுக்கும் கிடைக்கும்.

அனுபவம்: பொறுப்புகளை விட்டு நிகழ்ந்தவற்றுக்கு

நேரம் குறைவாக இருந்தால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இந்தப் பகுதிக்கு அதைக் கொடுங்கள். ஆள் எடுக்கும் மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து சுயவிவரங்களைப் படித்த காலத்தில், தலைப்பு வரியைப் பார்த்தவுடன் என் கண் நேரே அனுபவத்துக்குத்தான் போகும். அபவுட் பகுதியைத் திரும்பி வந்து படிப்பது பிறகுதான். அங்கே பெரும்பாலும் கண்டவை நியமன உத்தரவிலிருந்து எடுத்து எழுதிய பொறுப்புப் பட்டியல்கள்: “வாடிக்கையாளர் அழைப்புகளைக் கையாளுதல், புகார்களைப் பதிவு செய்தல், அறிக்கை தயாரித்தல்.” அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இவற்றைச் செய்திருப்பார்கள். நீங்கள் உட்கார்ந்திருந்ததால் என்ன ஆயிற்று என்பது அதில் இல்லை.

ஒவ்வொரு பணிக்கும் உங்களை நீங்களே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சேர்ந்தபோது நிலைமை எப்படி இருந்தது, விலகும்போது எப்படி இருந்தது? நான் விடுப்பில் போனால் எந்த வேலை நின்றுபோகும்? மற்றவர்கள் எதற்காக என்னைத் தேடி வந்தார்கள்? எதை விரைவாகவோ மலிவாகவோ பிழையில்லாமலோ செய்து காட்டினேன்? இவற்றுக்கு வரும் விடைகளைத்தான் எழுத வேண்டும். மேலே சொன்ன வாடிக்கையாளர் சேவைப் பணியை எடுத்துக்கொண்டால், “திரும்பத் திரும்ப வரும் புகார்களை மூன்று மாதம் தொகுத்துப் பார்த்து, அவற்றில் பாதிக்கும் மேல் பில் தேதி பற்றிய குழப்பத்தால் வருபவை என்று கண்டறிந்தேன், பில்லின் வாசகத்தை மாற்றச் சொல்லிப் பரிந்துரைத்தேன், மாற்றிய பிறகு அந்த வகை அழைப்புகள் நாளொன்றுக்கு நாற்பதிலிருந்து பத்துக்கும் கீழே வந்தன” என்று எழுதலாம். பிரச்சினை, செயல், விளைவு என்ற ஒழுங்கு அதற்குள் இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

எண்கள் என்னிடம் இல்லையே என்பவர்களுக்கு: விற்பனைத் தொகை மட்டுமே எண் அல்ல. எத்தனை பேர் கொண்ட குழு, வாரத்துக்கு எத்தனை கோப்புகள், எத்தனை கிளைகள், எத்தனை மாதத்துக்குள் முடிந்தது, எத்தனை புதியவர்களுக்குப் பயிற்சி தந்தீர்கள் என்பவையும் எண்களே. சரியான எண் நினைவில் இல்லாவிட்டால் “ஏறத்தாழ” என்று சேர்த்து எழுதுங்கள். நேர்காணலில் அது எப்படி வந்தது என்று கேட்டால் விளக்க முடிகிற எண்ணாக மட்டும் இருக்கட்டும். நிறுவனத்தின் வருமானம், வாடிக்கையாளர்களின் பெயர்கள், இன்னும் வெளியிடப்படாத திட்டங்கள் ஆகியவற்றை எழுதக் கூடாது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; உங்களை வேலைக்கு எடுக்க நினைப்பவரோ, இவர் நாளை நம்முடையதையும் இப்படித்தான் வெளியே சொல்வாரோ என்று யோசிப்பார்.

ஒரு பணிக்கு 2,000 எழுத்துகள் வரை இடம் உண்டு என்பதற்காக அத்தனையையும் நிரப்ப வேண்டியதில்லை. அண்மைப் பணிக்கு நான்கைந்து வாக்கியங்கள், அதற்கு முந்தையதற்கு இரண்டு மூன்று, பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தையதற்குப் பதவியும் காலமும் மட்டும் என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போகலாம். நிறுவனத்தின் பெயரைக் கையால் முழுவதும் தட்டச்சு செய்துவிட்டுப் போகாமல், தளம் காட்டும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் அந்த நிறுவனத்தின் பக்கத்தோடு உங்கள் பணி இணைந்து, அதன் சின்னமும் தோன்றும், நிறுவனத்தைக் கொண்டு தேடுபவருக்கும் நீங்கள் கிடைப்பீர்கள். ரெஸ்யூமேயில் உள்ள மாதமும் ஆண்டும் இங்கே உள்ளவற்றோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை வரிக்கு வரி சரிபார்த்துவிடுவது நல்லது. இரண்டு மாத வேறுபாடு வெறும் கவனக்குறைவாகவே இருக்கலாம், ஆனால் பார்ப்பவருக்கு அது அப்படித் தோன்றாது.

பணியில் இடைவெளி விழுந்தவர்கள் தேதிகளை நீட்டி அதை மூடப் பார்க்க வேண்டாம். குழந்தை வளர்ப்பு, உடல்நலம், உறவினரைக் கவனித்தல், மேற்படிப்பு, பணிநீக்கம் போன்ற காரணங்களைக் குறிப்பிட்டு, இடைவேளையையே அனுபவப் பகுதியில் ஒரு பதிவாகச் சேர்க்கும் வசதியை லிங்க்ட்இன் 2022ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. காரணத்தை விரிவாகச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ஒரு வரியும், அந்தக் காலத்தில் ஏதாவது கற்றிருந்தால் அதைப் பற்றி இன்னொரு வரியும் போதும்.

திறன்கள், படம், முகவரி

திறன்கள் பகுதியில் 100 வரை சேர்க்கலாம். அவ்வளவும் சேர்த்தவரின் பட்டியலில் எது உண்மையான திறன் என்று யாருக்கும் விளங்காது. விளம்பரங்களிலிருந்து எடுத்த முதல் பிரிவுச் சொற்களை, விளம்பரத்தில் உள்ள அதே வடிவில், தளம் பரிந்துரைக்கும் பெயரைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து, அவற்றில் மிக முக்கியமான ஐந்தை அபவுட் பகுதியின் கீழே தோன்றும்படி அமைத்துவிடுங்கள். ஒவ்வொரு திறனையும் அதைப் பயன்படுத்திய பணியோடு இணைத்துக் காட்டவும் வழி இருக்கிறது. அந்த இணைப்புதான் திறனுக்குச் சான்று. எட்டு ஆண்டு அனுபவம் உள்ளவர் மைக்ரோசாஃப்ட் வேர்டைத் திறனாகக் குறிப்பிடத் தேவையில்லை.

படத்தில் உங்கள் முகம் தெளிவாகத் தெரிந்தால் போதும்: சீரான வெளிச்சம், எளிய பின்னணி, தோளுக்கு மேலே, தனியாக, குறைந்தது 400க்கு 400 பிக்ஸல். திருமணப் படத்திலிருந்து வெட்டியெடுத்ததில் பக்கத்திலிருப்பவரின் தோள் தெரிவதை எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. பின்னணிப் பதாகைக்கு 1,584க்கு 396 பிக்ஸல் அளவில் உங்கள் துறையைக் காட்டும் அமைதியான படம் ஒன்று போதும். தளம் தானாகத் தரும் பக்க முகவரியில் பெயருக்குப் பின்னால் பொருளற்ற எண்களும் எழுத்துகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்கிப் பெயர் மட்டும் இருக்கும்படி மாற்றிக்கொண்டால் ரெஸ்யூமேயில் அச்சிட வசதியாக இருக்கும். செய்த வேலையை வெளியே காட்ட முடிகிறவர்கள், வடிவமைப்போ கட்டுரையோ நிரலோ எதுவானாலும், அதை, செய்த வேலைகளைக் காட்சிக்கு வைக்கும் ஃபீச்சர்டு பகுதியில் வைக்கலாம். அங்கே மூன்றுக்கு மேல் வேண்டாம்.

பிறர் சொல்லும் சாட்சி

ஒரு திறனைச் சொடுக்கி ஒப்புதல் தெரிவிக்கும் எண்டார்ஸ்மெண்டுக்கு ஒரு நொடி போதும். அதன் மதிப்பும் அவ்வளவுதான். எழுதித் தரும் பரிந்துரைக்கு எடை அதிகம், ஏனெனில் எழுதியவர் தம் பெயரை அதற்குக் கீழே வைக்கிறார். முன்னாள் மேலாளர் ஒருவர், உடன் பணியாற்றியவர் ஒருவர், வாடிக்கையாளரோ பயிற்சி பெற்றவரோ ஒருவர் என மூவரிடமிருந்து கிடைத்தாலே போதுமானது.

கேட்கும்போது தளம் தரும் ஆயத்த வாசகத்தை அனுப்பாமல், அவருக்கு நினைவூட்டிக் கேளுங்கள்: “வணக்கம் சார். நான் இப்போது திட்ட ஒருங்கிணைப்பாளர் வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தரவுத்தளத்தை மாற்றிய திட்டத்தில் மூன்று குழுக்களுக்கு இடையே நான் செய்த ஒருங்கிணைப்பைப் பற்றி நீங்கள் நான்கு வரி எழுதித் தந்தால் மிகவும் உதவியாக இருக்கும். இப்போது நேரமில்லை என்றாலும் பரவாயில்லை, சார்.” எதைப் பற்றி எழுத வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் எழுதுபவருக்குப் பாதிச் சுமை குறைகிறது. மறுப்பதற்கும் ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பதால் அவருக்குச் சங்கடமும் இல்லை. வேலையை விட்டு ஐந்து ஆண்டுகள் கழித்துக் கேட்பதைவிட, ஒரு திட்டம் முடிந்த அந்த மாதமே கேட்பது எளிது.

தூரத்துப் பழக்கங்களின் பயன்

நெருங்கிய நண்பர்களைவிட அரிதாகச் சந்திக்கும் அறிமுகங்கள் வழியாகவே வேலைச் செய்திகள் அதிகம் வந்து சேர்கின்றன என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973ஆம் ஆண்டில் வாதிட்டார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். எட்ட இருப்பவர் வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவருகிறார் என்பதே அதன் சாரம். லிங்க்ட்இன் உறுப்பினர்கள் ஏறத்தாழ 2 கோடிப் பேரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த சோதனைகளின் முடிவு 2022ஆம் ஆண்டு சயின்ஸ் இதழில் வெளிவந்தபோது, அந்தக் கருத்து பெரும்பாலும் உறுதியானது, ஒரு திருத்தத்தோடு: மிக நெருங்கியவர்களும் அல்ல, முற்றிலும் அந்நியமானவர்களும் அல்ல, பொதுவான அறிமுகங்கள் சிலரையாவது கொண்டிருக்கும் மிதமான பழக்கங்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின.

வேலை தேடுபவருக்கு இதில் நேரடியான வழிகாட்டல் இருக்கிறது. முகமறியாத ஐந்நூறு பேருக்கு அழைப்பு அனுப்புவதை நிறுத்திவிட்டு, பழைய வகுப்புத் தோழர்கள், முந்தைய நிறுவனத்தின் பக்கத்துப் பிரிவில் இருந்தவர்கள், பயிற்சி வகுப்பில் அருகில் அமர்ந்தவர்கள், வாடிக்கையாளர் தரப்பில் பேசிப் பழகியவர்கள் ஆகியோரைத் தேடிச் சேருங்கள். அழைப்போடு ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். இடம் குறைவு என்பதால் எப்படித் தெரியும், எதற்காக எழுதுகிறேன் என்ற இரண்டு மட்டும் இருக்கட்டும். முதல் செய்தியிலேயே “எனக்கு ஒரு வேலை பார்த்துத் தாருங்கள்” என்று கேட்டால், பெறுபவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லாததால் அவர் மௌனமாகிவிடுவார். “உங்கள் பிரிவில் புதியவர்களிடம் எந்தத் திறனை அதிகம் எதிர்பார்க்கிறார்கள்? பத்து நிமிடம் பேச முடியுமா?” என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியும், வேலையைப் பற்றிய பேச்சு அதன் பின்னால் தானே வரும்.

பலர் திறந்தே பார்க்காத அமைப்புகள்

வேலை தேடுகிறேன் என்று அறிவிக்கும் “ஓப்பன் டு ஒர்க்” வசதியில் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று, படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் தோன்றி எல்லோருக்கும் தெரிவது. இன்னொன்று, ரிக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரிவது. வேலையில் இல்லாதவர் முதலாவதைத் தயங்காமல் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. பச்சை வளையம் மதிப்பைக் குறைக்கும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பழைய தோழர் ஒருவர் அதைப் பார்த்துத்தான் ஒரு செய்தி அனுப்புவார். இப்போது ஒரு வேலையில் இருந்துகொண்டே தேடுபவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் ரிக்ரூட்டர்களுக்கு அது தெரியாமல் தடுக்கத் தளம் முயல்கிறது. முழு உத்தரவாதம் தருவதில்லை என்பதையும் அதுவே சொல்கிறது. அங்கே கேட்கப்படும் பதவிப்பெயர்களில் ஐந்து வரை குறிப்பிடலாம். நீங்கள் தொகுத்த விளம்பரச் சொற்கள் மீண்டும் இங்கே உதவும்.

பெரிய திருத்தங்களைத் தொடங்கும் முன், மாற்றங்களை இணைப்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மேலாளர் உட்பட எல்லோருக்கும் செய்தி போகலாம். கணக்கின் முதன்மை மின்னஞ்சல் அலுவலக முகவரியாக இருந்தால் இன்றே சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். வேலையைவிட்டு வந்த பிறகு கடவுச்சொல் மறந்தால், அதை மீட்கும் கடிதம் உங்களால் திறக்க முடியாத பெட்டிக்குத்தான் போய்ச் சேரும். 2012ஆம் ஆண்டில் இந்தத் தளத்தின் கடவுச்சொற்கள் திருடப்பட்டு வெளியானதுண்டு. ஆகவே இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கி வையுங்கள். பிறர் பக்கத்தை நீங்கள் பார்த்தது அவர்களுக்குத் தெரிய வேண்டுமா என்பதும் உங்கள் தேர்வே. விண்ணப்பித்த நிறுவனத்தில் உள்ளவரின் பக்கத்தைப் பெயரோடு பார்ப்பது சில நேரம் அவரையும் உங்கள் பக்கத்துக்கு அழைத்து வரும்.

வேலை தேடுவது தெரிந்தால் மோசடிக்காரர்களும் வருவார்கள். நேர்காணலே இல்லாமல் வேலை தருவதாகச் சொல்பவர், பதிவுக் கட்டணமோ பயிற்சிக் கட்டணமோ கேட்பவர், முதல் செய்தியிலேயே வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ வரச் சொல்பவர், வங்கி விவரமும் அடையாள அட்டைப் படமும் முன்கூட்டியே கேட்பவர் ஆகியோரை நம்ப வேண்டாம். அவர் சொல்லும் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று நீங்களாகத் தேடிப் பாருங்கள். அவர் அனுப்பும் இணைப்பின் வழியாகப் போக வேண்டாம். வீட்டு முகவரி, பிறந்த ஆண்டு போன்றவற்றைச் சுயவிவரத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

எல்லாம் முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, வெளியாள் ஒருவருக்கு உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்று கணினியிலும் கைப்பேசியிலும் பாருங்கள். உங்கள் துறையைச் சாராத ஒருவரிடம் இருபது நொடி காட்டி, “இவர் என்ன வேலை செய்கிறார்?” என்று கேளுங்கள், அவர் தடுமாறினால் தலைப்பு வரியைத் திரும்ப எழுத வேண்டும். அதன் பிறகு, எத்தனை தேடல்களில் நீங்கள் தோன்றினீர்கள், தேடியவர்கள் எந்த நிறுவனங்களையும் பதவிகளையும் சேர்ந்தவர்கள் என்று தளமே தரும் கணக்கை வாரம் ஒருமுறை கவனியுங்கள். எண்ணிக்கை ஏறாவிட்டால் சொற்களில் குறை. விளம்பரக் கோப்பைத் திறந்து மறுபடி பாருங்கள். தோன்றுவது கூடியும் பக்கத்தைத் திறப்பவர்கள் குறைவாக இருந்தால் படத்தையும் தலைப்பு வரியையும் மாற்றிப் பாருங்கள். திறந்து படித்தும் யாரும் எழுதவில்லையென்றால், அனுபவப் பகுதியில் இன்னும் பொறுப்புப் பட்டியல்தான் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இரண்டு வாரமாவது காத்திருங்கள், இல்லாவிட்டால் எது பலன் தந்தது என்பது தெரியாது.